சங்கத்தின் பதிவேடு யார் கையில்? தொண்டு நிறுவனங்களுக்கான திறந்த மூல மென்பொருள் ‘சிவிசிஆர்எம்’: ஒரு விளக்கம்

புது தில்லி: ஒரு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அச்சங்கத்தின் உறுப்பினர் பதிவேடே தீர்மானிக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை என்றும், அவரை உறுப்பினராகக் கணக்கிடலாகாது என்றும் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாடு போன்ற சில மாநிலங்களில் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. சட்டம் எதுவாயினும், சந்தா செலுத்திய தேதி பதிவேட்டில் தவறாக இருந்தால் ஓர் உறுப்பினர் தமது வாக்கை இழக்க நேரிடும்.

நன்கொடையாளர்களுக்கும் இதே நிலைதான். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின் கீழ் ஒருவர் கோரும் வரிக்கழிவு, நன்கொடை பெற்ற நிறுவனம் வருமான வரித் துறைக்கு அளிக்கும் விவரங்களின் அடிப்படையிலேயே ஏற்கப்படுகிறது. நிறுவனத்தின் ஏட்டில் நிரந்தரக் கணக்கு எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால், உண்மையாகவே பணம் கொடுத்தவரின் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

இவ்வளவு முக்கியத்துவம் வாய்ந்த பதிவேட்டைப் பராமரிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட திறந்த மூல மென்பொருள்களில், உலகின் பல நாடுகளில் 20 ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது சிவிசிஆர்எம். உரிமக் கட்டணம் இல்லாத இந்த மென்பொருள் எவ்வாறு செயல்படுகிறது, இந்தியச் சட்டங்களுக்கு ஏற்ப அதில் எவற்றைச் சேர்க்க வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் எத்தகைய பொறுப்பை ஏற்கிறது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவேடு சிதறுவது எப்படி?

சிறிய தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் பதிவேடு ஒரே இடத்தில் இருப்பதில்லை. உறுப்பினர் பட்டியல் செயலாளரின் கணினியில் எக்செல் கோப்பாக இருக்கும். நன்கொடை ரசீதுகள் பொருளாளரின் ரசீதுப் புத்தகத்தில் இருக்கும். தன்னார்வலர்களின் தொலைபேசி எண்கள் ஒருங்கிணைப்பாளரின் கைப்பேசியில் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். விழாவுக்கு வந்தவர்களின் பெயர்கள் இணையப் படிவம் ஒன்றில் தங்கிவிடும்.

ஒருவரே உறுப்பினராகவும் நன்கொடையாளராகவும் தன்னார்வலராகவும் இருக்கும்போது, அவரது பெயர் நான்கு இடங்களில் நான்கு விதமாகப் பதிவாகிறது. அவர் வீடு மாறினால் முகவரி ஓரிடத்தில் மட்டும் திருத்தப்படும். செயலாளர் பதவி விலகினால், கோப்பின் அண்மைப் பிரதி எது என்ற கேள்வி எழும். தொடர்பு மேலாண்மை மென்பொருள் என்ற வகை இந்தச் சிதறலைப் போக்குவதற்காகவே தோன்றியது. வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை நிர்வகிக்க அதைப் பயன்படுத்துகின்றன. தொண்டு நிறுவனங்களின் தேவையோ வேறு. விற்பனை, தள்ளுபடி ஆகியவற்றுக்குப் பதிலாக சந்தா, நன்கொடை, தன்னார்வப் பணி, பொதுக்குழு ஆகிய சொற்களில் சிந்திக்கும் மென்பொருள் அவற்றுக்குத் தேவைப்படுகிறது.

சிவிசிஆர்எம் என்றால் என்ன?

சிவிசிஆர்எம் மென்பொருளின் முதல் வெளியீடு 2005ஆம் ஆண்டு வந்தது. யாகூ நிறுவனத்தின் தொடக்ககாலப் பொறியாளர்களுள் ஒருவரான டொனால்ட் லோபோ, டேவ் கிரீன்பெர்க் ஆகியோர் இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். லோபோ பின்னர் இந்தியத் தொண்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத் தேவைகளுக்கான ‘ப்ராஜெக்ட் டெக்4டெவ்’ என்ற முன்னெடுப்பைத் தொடங்கினார். வாட்ஸ்அப் வழியாகப் பயனாளிகளுடன் உரையாட உதவும் ‘கிளிஃபிக்’ என்ற திறந்த மூலத் தளம் அந்த முன்னெடுப்பிலிருந்து வந்தது.

சிவிசிஆர்எம் இணைய உலாவியின் வழியாகப் பயன்படுத்தப்படும் மென்பொருளாகும். பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்ட இது, தகவல்களை மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தில் சேமிக்கிறது. நீண்ட காலமாக இது துருபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா, பேக்டிராப் ஆகிய இணையதள மேலாண்மைத் தளங்களில் ஒன்றுடன் இணைத்தே நிறுவப்பட்டு வந்தது. அண்மைக்காலத்தில் அவை எதுவுமின்றித் தனித்து இயங்கும் வடிவமும் கிடைக்கிறது. ஏற்கெனவே வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கும் சங்கம், அதே தளத்தின் உள்ளேயே இதை நிறுவிக்கொள்ள இயலும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தனது நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்க இம்மென்பொருளையே பயன்படுத்துகிறது. லட்சக்கணக்கானோர் சிறு தொகைகளாக அளிக்கும் நன்கொடைகளை அது கையாள்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் இதன் பயனர்களுள் ஒன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநில செனட் அவை, தொகுதி மக்களின் கோரிக்கைகளை நிர்வகிப்பதற்காக இதே மென்பொருளைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துப் பயன்படுத்தியது.

ஒருவருக்கு ஒரே பதிவு

இம்மென்பொருளின் அடிப்படை அலகு ‘தொடர்பு’. தனிநபர், குடும்பம், நிறுவனம் என மூன்று வகைத் தொடர்புகள் உள்ளன. ஒருவரின் சந்தா, நன்கொடை, பங்கேற்ற நிகழ்ச்சிகள், அவருக்கு அனுப்பிய கடிதங்கள், அவருடன் நடந்த தொலைபேசி உரையாடலின் குறிப்பு ஆகிய அனைத்தும் அவரது ஒரே பதிவின் கீழ் வரிசைப்படுத்தப்படுகின்றன.

தொடர்புகளுக்கு இடையிலான உறவையும் பதிவு செய்யலாம். கணவன், மனைவி, பெற்றோர், பணியாளர், கிளைச் செயலாளர் என உறவு வகைகளை நிறுவனமே வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனம் உறுப்பினராகச் சேர்ந்தால் அதன் பணியாளர்களுக்கும் உறுப்பினர் தகுதி தானாகவே கிடைக்குமாறு செய்வதற்கு இந்த உறவுப் பதிவு பயன்படுகிறது.

குழுக்கள் இரு வகைப்படும். பெயர்களைக் கையால் சேர்க்கும் குழு ஒன்று. நிபந்தனை ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பொருந்துவோர் தாமாகவே சேர்ந்தும் விலகியும் கொள்ளும் குழு மற்றொன்று. “மதுரை மாவட்டத்தில் வசிப்பவர், சந்தா அடுத்த மாதம் முடிபவர்” என்ற நிபந்தனையை ஒருமுறை அமைத்தால் போதும். பட்டியலை ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தயாரிக்க வேண்டிய அவசியம் இராது.

பெயரில் எழும் சிக்கல்

ஒரே நபர் இருமுறை பதிவாவதைக் கண்டறிய சிவிசிஆர்எம் மதிப்பெண் முறையைக் கையாள்கிறது. முதற்பெயர் பொருந்தினால் ஒரு மதிப்பெண், குடும்பப்பெயர் பொருந்தினால் வேறொரு மதிப்பெண், மின்னஞ்சல் பொருந்தினால் அதைவிடக் கூடுதல் மதிப்பெண் என வகுத்து, கூட்டுத்தொகை குறிப்பிட்ட வரம்பை எட்டினால் இரண்டும் ஒருவரே எனச் சந்தேகித்துப் பணியாளருக்குக் காட்டும். அவர் சரிபார்த்து இரு பதிவுகளையும் இணைக்கலாம்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பகுப்பு மேலை நாட்டு வழக்கத்தை ஒட்டியது. தலைப்பெழுத்துடன் பெயர் எழுதும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. கு. முருகன் என்பவர் ஓரிடத்தில் “முருகன் கு.” என்றும், மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயருடனும், வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருப்பார். இம்மூன்றும் ஒருவரே என்பதை மென்பொருளால் தானாக உணர முடியாது.

எனவே, இந்தியாவில் இதைப் பயன்படுத்துவோர் பொருத்த விதிகளைத் தாங்களே மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் கூடுதல் மதிப்பெண் வழங்குவது ஒரு வழி. ஆனால் ஒரே கைப்பேசி எண்ணைக் குடும்பத்தில் பலர் பகிர்ந்துகொள்வதும் இங்கு இயல்பு. ஆகவே எண் மட்டும் பொருந்தினால் பதிவுகளைத் தானாக இணைத்துவிடாமல், பெயரையும் சேர்த்து மனிதர் ஒருவர் சரிபார்க்கும் வகையில் விதியை அமைப்பதே பாதுகாப்பானது. தவறாக இணைக்கப்பட்ட இருவரின் நன்கொடைகளை மீண்டும் பிரித்தெடுப்பது கடினமான வேலை. பெயரை எந்த எழுத்தில், எந்த வரிசையில் பதிவு செய்வது என்ற விதியைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பதும் அவசியம்.

உறுப்பினர் தகுதியும் சந்தாவும்

ஆயுள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர், மாணவர் உறுப்பினர் என எத்தனை வகைகளை வேண்டுமானாலும் அமைக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் கட்டணமும் காலமும் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு என்று கணக்கிடலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை என நிதியாண்டு அடிப்படையிலும் கணக்கிடலாம்.

ஒவ்வோர் உறுப்பினரின் நிலையையும் தேதிகளை வைத்து மென்பொருளே முடிவு செய்கிறது. புதியவர், நடப்பு உறுப்பினர், சலுகைக் காலத்தில் உள்ளவர், காலாவதியானவர் என்பவை இயல்பாக அமைந்துள்ள நிலைகளுள் சில. சந்தா முடிந்த பிறகு ஒரு மாதம் வரை சலுகைக் காலம் என்பது மென்பொருளுடன் வரும் அமைப்பு. அந்த ஒரு மாதத்தில் அவர் நடப்பு உறுப்பினராகவே கருதப்படுவார்.

இங்கே கவனம் தேவை. 1860ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடும் நிலுவைக் காலம் மூன்று மாதங்கள். ஒரு சங்கத்தின் துணை விதிகள் வேறொரு காலத்தை வகுத்திருக்கலாம். மென்பொருளின் ஒரு மாத வரம்பை மாற்றாமல் விட்டுவிட்டு, அது தரும் பட்டியலை அப்படியே வாக்காளர் பட்டியலாகப் பயன்படுத்தினால், வாக்குரிமை உள்ளவர்களும் விடுபட்டுப் போவார்கள். பொதுக்குழு முடிவுகளை எதிர்த்து வழக்குத் தொடர இத்தகைய குறை ஒன்றே போதுமானதாகிவிடும். நிலைகளுக்கான விதிகளைத் துணை விதிகளுடன் ஒப்பிட்டு மாற்றுவதற்கு நிர்வாகத் திரையிலேயே வசதி உள்ளது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சந்தா முடிவதற்கு முன்பும் பின்பும் நினைவூட்டல் மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பலாம். நிலை மாற்றம், நினைவூட்டல் ஆகிய இரண்டும் சர்வரில் குறித்த நேரத்தில் இயங்கும் பணிகளைச் சார்ந்தவை. அந்தப் பணிகள் அமைக்கப்படாவிட்டாலோ இடையில் நின்றுபோனாலோ, காலாவதியான சந்தா நடப்பில் உள்ளதாகவே திரையில் தெரியும். நிறுவிய சில மாதங்களுக்குப் பின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற புகார் எழுந்தால், முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுதான்.

நன்கொடையும் வரி விதிகளும்

நன்கொடைகளைப் பதிவு செய்தல், இணையத்தில் நன்கொடைப் பக்கம் அமைத்தல், தவணை உறுதிமொழிகளைக் கண்காணித்தல், ரசீது அனுப்புதல் ஆகியவை மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பிலேயே உள்ளன. இந்திய வரிப் படிவங்களுக்கென அதில் தனி வசதி இல்லை. அவற்றைக் கூடுதல் புலங்கள் மூலம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

80ஜி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள், ஒவ்வொரு நிதியாண்டிலும் பெற்ற நன்கொடைகளின் அறிக்கையை 10பிடி படிவத்தில் அடுத்த மே 31ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் வழங்கப்படும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.200 கட்டணமும், தாக்கல் செய்யத் தவறினால் ரூ.10,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதமும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டிருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. புதிய எண்களைத் தணிக்கையாளரிடம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

10பிடி அறிக்கைக்கு நன்கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண், நன்கொடையின் வகை, பெற்ற முறை, தொகை ஆகியவை தேவைப்படுகின்றன. மூலதன நிதிக்கான நன்கொடையா, குறிப்பிட்ட நோக்கத்திற்கான மானியமா என்பது வகை. ரொக்கமா, பொருளா, மின்னணுப் பரிமாற்றமா என்பது முறை. இவற்றை நன்கொடை பெறும் நாளிலேயே பதிவு செய்யும்படி புலங்களை அமைத்துவிட்டால், மே மாதத்தில் அறிக்கைக்கான பட்டியலை ஒரே தேடலில் பெறலாம். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாக அளிக்கப்படும் நன்கொடைக்கு 80ஜி வரிக்கழிவு இல்லை என்பதால், பெற்ற முறையைப் பிழையின்றிப் பதிவு செய்வது நன்கொடையாளருக்கும் பயன் தரும்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் மற்றொரு கவனத்தைக் கோருகிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பங்களிப்பு முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கிலேயே பெறப்பட வேண்டும். பணம் எந்த நாட்டு நாணயத்தில் வந்தது என்பதைக் காட்டிலும், கொடுப்பவர் எந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்பதே இங்கு முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்துள்ள வெளிநாடு வாழ் இந்தியர் தமது சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அளிப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் ரூபாயில் அளித்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பே.

எனவே, இணைய நன்கொடைப் பக்கத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி கட்டாயப் புலமாக இருத்தல் வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாத நிறுவனம், “இந்தியக் குடிமகன்” என்று உறுதியளிக்காதவரின் பணத்தை ஏற்காதவாறு பக்கத்தை அமைக்க வேண்டும். வெளிநாட்டில் உருவான மென்பொருளில் இக்கேள்வி தானாக இராது. இணையவழிப் பணம் பெறுவதற்கு, தாங்கள் பயன்படுத்தும் இந்தியப் பணப் பரிவர்த்தனைச் சேவையுடன் இணைப்பு உள்ளதா என்பதையும் முன்கூட்டியே சோதித்தறிய வேண்டும்.

‘திறந்த மூலம்’ என்பதன் பொருள்

சிவிசிஆர்எம், குனு அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாவது பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது. எந்த நோக்கத்திற்காகவும் மென்பொருளை இயக்கவும், அதன் மூல நிரலை ஆராயவும், மாற்றியமைக்கவும், பிறருக்கு வழங்கவும் இந்த உரிமம் அனுமதி தருகிறது. மாற்றியமைத்த வடிவத்தை வலையமைப்பின் வழியாகப் பிறர் பயன்படுத்தச் செய்தால், மாற்றப்பட்ட மூல நிரலை அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இவ்வுரிமத்தின் சிறப்பு நிபந்தனை.

திறந்த மூலம் என்றவுடன் உறுப்பினர் விவரங்களும் திறந்து வைக்கப்படும் என்ற அச்சம் நிர்வாகிகள் சிலருக்கு எழுகிறது. அது தவறான புரிதல். உரிமம் மென்பொருளின் நிரலுக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனத்தின் தகவல்கள் அதன் சொந்தத் தரவுத்தளத்தில், அதன் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அவற்றைப் பார்க்கும் வழி இல்லை.

கட்டணமே இல்லை என்ற எண்ணமும் முழுமையானதன்று. உரிமக் கட்டணம் இல்லை. சர்வர் வாடகை, மின்னஞ்சல் அனுப்பும் சேவை, நிறுவித் தரும் வல்லுநரின் ஊதியம், பழைய கோப்புகளைத் தூய்மைப்படுத்தி ஏற்றும் உழைப்பு, பணியாளர் பயிற்சி, ஆண்டுதோறும் பராமரிப்பு ஆகிய செலவுகள் உண்டு. சர்வரைத் தாங்களே நடத்த இயலாதவர்களுக்காக, மாதக் கட்டணத்தில் இம்மென்பொருளை இயக்கித் தரும் சேவையாளர்கள் உள்ளனர். சேவையாளர் பிடிக்காவிட்டால் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் செல்லலாம் என்பதே இங்கு நிறுவனத்திற்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம்.

பாதுகாப்பு: இரு நிகழ்வுகள் தரும் பாடம்

தொண்டு நிறுவனங்களுக்கான மென்பொருள் விற்பனையில் பெரிய நிறுவனமான பிளாக்பாட், அமெரிக்காவைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு அது இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் என 13,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. தாக்கியவர்களுக்குப் பிணைத்தொகை கொடுத்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. இவ்விவகாரத்தில் அமெரிக்காவின் 49 மாநிலங்கள் மற்றும் தலைநகர் வாஷிங்டனுடன் 2023ஆம் ஆண்டு 4.95 கோடி டாலருக்கு அது சமரசம் செய்துகொண்டது. தேவைக்கு மேல் நீண்ட காலம் பழைய தகவல்களை வைத்திருந்தது அந்நிறுவனத்தின் மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தகவல்களைப் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று கருத இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தாங்களே நடத்தும் சர்வரும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. சிவிசிஆர்எம் இணைந்து இயங்கும் தளங்களுள் ஒன்றான துருபலில், 2014 அக்டோபர் 15ஆம் தேதி கடுமையான பாதுகாப்புக் குறைபாடு ஒன்றும் அதற்கான திருத்தமும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்திற்குள் திருத்தப்படாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயல்பட வேண்டும் என்று துருபல் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. தன்னார்வலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் தளத்தில் ஏழு மணி நேரத்திற்குள் திருத்தம் செய்வது எளிதன்று.

சிவிசிஆர்எம் மாதந்தோறும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அவ்வளவு அடிக்கடி மாற்ற இயலாதவர்களுக்காக, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் நீண்ட காலம் வழங்கப்படும் பதிப்பும் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காப்புப் பிரதியை வேறோர் இடத்தில் சேமிப்பதும், அதிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அப்பொறுப்பில் அடங்கும்.

உள்ளிருந்து நேரும் கசிவைத் தடுக்க, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். கிளை ஒருங்கிணைப்பாளருக்குத் தமது கிளை உறுப்பினர்களின் தொடர்பு விவரம் போதும். நன்கொடைத் தொகையை அவர் காண வேண்டியதில்லை. யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற மாற்றக் குறிப்பையும் இயக்கி வைக்கலாம்.

புதிய சட்டம் கோருவது என்ன?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது. உறுப்பினர், நன்கொடையாளர் ஆகியோரின் விவரங்களை மின்னணு வடிவில் சேகரிக்கும் தொண்டு நிறுவனங்களும் இச்சட்டத்தின் வரம்பில் வருகின்றன.

எதற்காகத் தகவல் பெறப்படுகிறது என்பதைத் தெளிவாகத் தெரிவித்து ஒப்புதல் பெறுதல், கோரினால் திருத்துதல், தேவை முடிந்ததும் நீக்குதல், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் பெறுதல் ஆகியவை இதில் அடங்கும். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டோருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சிவிசிஆர்எம் மூலம் அனுப்பப்படும் மொத்த மின்னஞ்சல்களில் விலகிக்கொள்ளும் இணைப்பு இடம்பெறும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம் என்ற விருப்பங்களையும் தனித்தனியே பதிவு செய்யலாம். நீக்கக் கோரியவர்களின் விவரத்தைக் கையாளும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக நீக்கப்படும் பதிவு முதலில் குப்பைத்தொட்டிக்கே செல்லும். அதை நிரந்தரமாக அழிப்பது தனிச் செயல். அதே வேளையில், வரிச் சட்டப்படி பாதுகாக்க வேண்டிய நன்கொடைப் பதிவுகளை ஒருவர் கேட்டவுடன் அழித்துவிடவும் கூடாது. எதை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது என்ற கொள்கை எழுதப்பட்டால்தான் பணியாளர் தயக்கமின்றிச் செயல்பட முடியும்.

மாற்று வழிகள்

இத்தேவைக்கு சிவிசிஆர்எம் மட்டுமே வழி என்பதில்லை. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட், கணக்கு, கொள்முதல், பணியாளர் நிர்வாகம் ஆகியவற்றுக்கான திறந்த மூல மென்பொருள். உறுப்பினர், நன்கொடையாளர், தன்னார்வலர் பதிவுகளுக்கான பகுதி முன்பு அதனுடனேயே இருந்தது. பின்னர் தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டது. கணக்கு நிர்வாகத்தையும் ஒரே இடத்தில் வைக்க விரும்புவோர் இதைப் பரிசீலிக்கலாம். விற்பனை சார்ந்த பொதுவான தொடர்பு மேலாண்மைக்கு சூட்சிஆர்எம் என்ற திறந்த மூல மென்பொருளும் உள்ளது.

வணிக மென்பொருள்களில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு 10 பயனர் உரிமங்களை நன்கொடையாக வழங்குகிறது. அதற்கு மேல் தேவைப்படும் உரிமங்களுக்கும் அமைத்துத் தரும் பணிக்கும் செலவு உண்டு. தகவல்கள் அந்நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்.

சில நூறு உறுப்பினர்களும் ஒரே அலுவலகமும் உள்ள சங்கத்திற்கு, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஓர் எக்செல் கோப்பு போதுமானதாக இருக்கலாம். பலர் ஒரே நேரத்தில் பதிவேட்டைத் திருத்த வேண்டியிருக்கும்போதும், சந்தாவும் நன்கொடையும் நிகழ்ச்சிகளும் ஒருவரிடமே சந்திக்கும்போதும்தான் தனி மென்பொருளின் தேவை எழுகிறது.

முடிவெடுக்கும் முன்

சிவிசிஆர்எம் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கான மாதிரித் தளங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கற்பனையான பெயர்களை மட்டுமே பதிவு செய்ய வேண்டும். உண்மையான உறுப்பினர்களின் விவரங்களைப் பொது மாதிரித் தளத்தில் ஏற்றலாகாது.

அடுத்த படியாக, நிறுவனம் தன் துணை விதிகளையும் உறுப்பினர் படிவத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்தத் தகவல்கள் உண்மையாகவே தேவை என்று பட்டியலிடலாம். ஆதார் எண், சாதி, மருத்துவ விவரம் போன்றவற்றை எந்தப் பயனுமின்றிக் கேட்டு வைத்திருந்தால், புதிய பதிவேட்டுக்கு அவற்றைக் கொண்டுசெல்லாமல் விடுவதே முறை. பழைய கோப்பைத் தூய்மைப்படுத்தி, 50 பதிவுகளை மட்டும் முதலில் ஏற்றி, ரசீதும் வாக்காளர் பட்டியலும் சரியாக வருகின்றனவா என்று பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து சரிபார்க்கலாம். அவை பொருந்திய பின் மற்றவற்றை ஏற்றலாம்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. நிர்வாகக் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் உள்ளதா? சர்வரும் இணைய முகவரியும் தனிநபர் பெயரில் இன்றி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியுள்ளனவா? முழுப் பதிவேட்டையும் வேறொரு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் இன்றே பதிவிறக்க முடியுமா? நிர்வாகக் குழு மாறும்போது, பணப்பெட்டியையும் கணக்குப் புத்தகத்தையும் போலவே இவையும் கையெழுத்திட்டு ஒப்படைக்கப்பட வேண்டியவை.